கல்லாகும் நுரையீரல்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் எட்டும் தொலைவிலுள்ள திருவக்கரையில் கல்மரங்களைக் கண்டு வியக்காதவர் யார்? மரத்துள் சிலிக்கா புகுந்து கல்லான அதிசயம் அது. அவ்வட்டாரத்துக் கல் குவாரிகளிலும் ஜல்லி கிரஷர்களிலும் எழும் தூசியிலும் சிலிக்கா உண்டு. அது மனிதனின் மூச்சில் புகுந்தால் என்னவாகும்?

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் மூச்சுவிடும்போது சுருங்கி ஒட்டிவிடாமல் காப்பது சர்பாக்டன்ட் என்னும் மெல்லிய கொழுப்புப் படலம். சோப்பைப் போல அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரை அளவுமீறி உண்டாக்குவதையும் அது தணிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. சிலிக்காத் துகளோ நுரையீரல் செல்களைப் புண்படுத்துகிறது. புண் ஆறும் முயற்சியில் நார் பெருகித் தழும்பாகிறது. இதுவே சிலிகோசிஸ்.

குறைமாதக் குழந்தைக்குச் சர்பாக்டன்ட் செலுத்தி உயிர் காக்கிறது மருத்துவம். ஆனால் சிலிகோசிஸ் தழும்பை அகற்றும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே தடுப்பதே வழி. கல்லை நனைத்து உடைத்தால் தூசி அடங்கும். வாயில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் குறித்தது. ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாவட்டக் கல்லுடைக்கும் தொழிலாளிக்கும் தண்ணீர்த் தெளிப்பும், ஆண்டுதோறும் எக்ஸ்ரே பரிசோதனையும், நோயுற்றால் இழப்பீடும் உரிமையாக வேண்டும். அவர் இருமலைக் காசநோய் என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

நண்பர்களே! நாம் கற்கும் விஞ்ஞானம் தேர்வுத் தாளோடு முடியலாமா? அதை நம் ஊர்த் திண்ணைக்கும் கொண்டு செல்வோம்!