டிரான்சிஸ்டரை மாற்றினால் மட்டும் ரிப்பேர் ஆகிவிடாது

மைக்செட் ஆம்பிளிஃபையர் பழுதாகிக் கடைக்கு வந்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். ஷார்ட் ஆன அவுட்புட் டிரான்சிஸ்டரை மீட்டரில் கண்டுபிடித்து, புதிது ஒன்றை வைத்து சோல்டர் செய்து, பாட்டு கேட்டதும் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே செட் திரும்பி வருகிறது, சில சமயம் ஸ்பீக்கரின் காயிலையும் எரித்துவிட்டு. இதை ரிப்பேர் என்று ஏற்க முடியாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போனதற்கு ஒரு காரணம் இருக்கும்: ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அளவுக்கு மீறி ஸ்பீக்கர்களை மாட்டியிருக்கலாம், ஹீட் சிங்க் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அது போகும்போது பெரும்பாலும் தனியாகவும் போவதில்லை. எமிட்டர் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகும், பேஸ் வழியாக அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும் அடிவாங்கும். அவற்றைப் பார்க்காமல் புது டிரான்சிஸ்டரைப் போட்டால், ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே அதுவும் போய்விடலாம்.

ஆகவே டிரைவர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்த பிறகே புதியதை மாட்ட வேண்டும். பெரிய செட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு டிரான்சிஸ்டர்கள் இணையாக நிற்கும். ஒன்று போனாலும் வரிசை முழுவதையும் ஒரே கம்பெனி, ஒரே கெயின் எழுத்து உள்ளவையாக மாற்றுவதே முறை. கடைகளில் 5200 என்று கேட்டு வாங்கும் டிரான்சிஸ்டரில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் கெயின் 55 முதல் 110 வரை, ‘ஓ’ என்றால் 80 முதல் 160 வரை. இரண்டையும் கலந்தால் சுமை சமமாகப் பிரியாது. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட வேண்டும். பல்ப் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் மீதி இருக்கிறது, ஆனால் புது டிரான்சிஸ்டர் தப்பித்தது. (எல்இடி பல்ப் இதற்கு உதவாது, பழைய குண்டு பல்ப் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.) அடுத்தது பயாஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் ஓடும் கரண்ட். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 11 மில்லிவோல்ட் காட்டினால் 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. செட் நன்றாகச் சூடான பிறகு இதை மறுபடியும் அளக்க வேண்டும். சூடு ஒரு டிகிரி கூடினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். அதனால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடும் ஏறும். பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கில் ஒழுங்காகப் பதித்திருந்தால்தான் இந்தச் சுற்று அடங்கும்.

சோதிக்காமல் மாட்டுவதைவிட டூப்ளிகேட் டிரான்சிஸ்டரைப் பெரிய ஆபத்தாகவே பார்க்கிறேன். அசல் 5200இன் தாங்குதிறன் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். அந்த 150 வாட்டும் உறை 25 டிகிரியில் இருக்கும் வரைதான். உறை 100 டிகிரிக்கு ஏறினால் 60 வாட்தான் மிச்சம். டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வைக்கும் மைக்காவுக்கும் பேஸ்ட்டுக்கும் இவ்வளவு மதிப்பு அதனால்தான். போலியில் உறையும் எழுத்தும் அசல் மாதிரியே இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு மிகச் சிறியது. சூடு பரவ அதில் இடமே இல்லை. மீட்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டும். வால்யூம் ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றியே பல வருடம் ஓடும் செட்டுகள் உண்டே என்பார்கள். உண்டுதான். வயர் ஷார்ட்டில் அந்த ஒன்று மட்டும் போய், டிரைவர் தப்பித்த செட்டுகள் அவை. அப்படித் தப்பித்ததா என்பது சோதித்தால்தானே தெரியும்? திருவிழா இன்று ராத்திரி, நேரமில்லை என்பதும் நியாயமான கவலையே. அதற்கு வாடகைக்கு இன்னொரு செட் எடுப்பதுதான் வழி, அரைகுறை வேலை வழியல்ல. செலவைப் பற்றிய தயக்கத்தை மெக்கானிக் தலையில் மட்டும் கட்டுவதும் சரியில்லை. சோதனைக்கு ஆகும் நேரத்துக்குக் கூலி தர மறுத்து, பார்ட்ஸ் விலையை மட்டும் பேரம் பேசும் வாடிக்கையாளர்தான் அவரை அவசர வேலைக்குத் தள்ளுகிறார். அடுத்த முறை செட்டைக் கொடுக்கும்போது, அசல் டிரான்சிஸ்டர் போடச் சொல்லி, கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கி, பயாஸ் பார்த்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.