ரீடிங் மாறினால் முடிவும் மாறணும்

டெக்னிக்கல் டிகிரி வாங்கினவர் பிரதமரானா எப்படி இருக்கும்? ஜப்பானின் நவோட்டோ கானைப் பாருங்க.

1970-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் அப்ளைடு பிசிக்ஸ் முடித்தவர். பிறகு பேட்டண்ட் அட்டர்னி. மூணு தேர்தலில் தோத்து, 1980-ல் எம்.பி. ஆனார். ஹீமோபீலியா நோயாளிகளுக்குக் கொடுத்த ரத்தப் பொருட்களால் எச்.ஐ.வி. பரவியிருந்தது. 1996-ல் சுகாதார அமைச்சரானதும், அதிகாரிகள் 'இல்லை'ன்னு சொன்ன ஃபைல்களைத் தேட வைத்து வெளியே கொண்டுவந்தார். பாதிக்கப்பட்டவங்ககிட்ட மன்னிப்பும் கேட்டார்.

2010-ல் பிரதமர். அப்போ வியட்நாமில் அணு உலை கட்ட ஒப்பந்தம் பேசினவரும் இவர்தான். 2011 மார்ச் 11-ல் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா. மறுநாள் காலையிலேயே ஹெலிகாப்டரில் அங்க போய் நின்னார். 'வேலையைக் கெடுத்தார்'னு இன்னும் திட்டுறாங்க. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கு.

ஆனா நிலைமை முத்தினால் 250 கி.மீ. வரை, டோக்கியோ உட்பட, மக்கள் வெளியேற வேண்டியிருக்கும்னு நிபுணர் கணக்கு வந்தது. அதுக்குப் பிறகு கான் அணுமின்சாரத்துக்கு எதிரா மாறினார். மே மாதம் ஹமாவோகா நிலையத்தை நிறுத்தச் சொன்னார். சூரிய, காற்று மின்சாரத்துக்கு நிலையான விலை தரும் சட்டம் நிறைவேறிய பிறகே பதவி விலகினார்.

அவர் முடிவு சரியா தப்பான்னு கேன்டீன்ல சண்டை போடலாம். ஆனா ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி ரீடிங்கைத் திருத்துறது லேப்ல சகஜம். அவர் ரீடிங்கைப் பார்த்துத் தன் முடிவைத் திருத்தினார். இன்ஜினியரிங் படிக்கிறவங்க அவர்கிட்ட எடுத்துக்க வேண்டியது அதைத்தான்.