கழற்றி எறிவதா, மாற்றிப் பொருத்துவதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"நம்ம ஊரு வெயிலுக்கு இந்த வால்வு எதுக்குண்ணே? குளிர் நாட்டுக்காரன் வச்சது. கழத்திப் போட்டுட்டா எஞ்சின் சூடே ஏறாது."

மதுரைப் பக்கம் கார், வேன் வைத்திருப்போர் பலரும் இந்த அறிவுரையைக் கேட்டிருப்பர். வால்வு என்று இங்கே சொல்லப்படுவது எஞ்சினின் வெப்பநிலையைக் காக்கும் தெர்மோஸ்டாட். திருப்பரங்குன்றத்தில் பூ ஏற்றி வரும் எங்கள் பழைய வேன் சென்ற ஆண்டு சித்திரையில் கொதித்து நின்றபோது, மெக்கானிக் ஒருவர் இதையே சொல்லி அதைக் கழற்றிவிட்டார். அன்றிரவு என் தந்தை என்னிடம் கேட்டார்: "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, அது வேணுமா, வேண்டாமா?"

எனக்கு விடை தெரியவில்லை. நியூட்டனின் குளிர்தல் விதிக்கு வரைபடம் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையொப்பமும் வாங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்பவர் என் தந்தை. அவர் கேட்ட முதல் இயற்பியல் கேள்விக்கே தலைகுனிந்து நின்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எத்துணை உண்மை! அந்த வெட்கத்தில் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட்டின் உள்ளே சிறு உலோகக் குப்பி ஒன்றில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய முறை இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸை எட்டியதும் (இது வண்டிக்கு வண்டி சற்று மாறும்) மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கிறது. நீர் குளிர்ந்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடுகிறது. கண்மாய் மடையைத் தேவையறிந்து திறந்து மூடும் நீர்பாய்ச்சியின் வேலைதான் இது. மடையையே பிடுங்கி எறிந்துவிட்டால் கண்மாய் என்னாகும்?

'குளிர் நாட்டுக்காரன் வைத்தது' என்னும் வாதம் நிற்குமா என்று பார்ப்போம். அக்கினி நட்சத்திரத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். எஞ்சினுக்கு வேண்டிய சூடோ அதற்கும் மேலே இன்னும் 40 டிகிரிக்கு மேல்! நமக்கு வெயிலாகத் தோன்றுவது எஞ்சினுக்குக் குளிரே.

வால்வு இல்லாத வண்டியில் நீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்கு ஓடுகிறது. எஞ்சின் சூடேற நெடுநேரமாகிறது; குறுகிய ஓட்டத்தில் சரியான சூட்டை அது எட்டுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. ஆகவே கூடுதலாகச் செலவாகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. எரிதலில் பிறக்கும் நீராவியும் வெளியேறாமல் தங்கி ஆயிலைச் சேறாக்குகிறது. அதிகாலை 3 மணிக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் புறப்படும் எங்கள் வேனுக்கு நேர்ந்ததும் இதுதான். பெட்ரோல் செலவு ஏறியதைத் தந்தையின் சிட்டையே காட்டியது.

இன்னொரு விந்தையும் உண்டு. சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதே, உள்ளே சுற்றும் குறுக்குவழியை அது அடைத்துவிடும். அத்தகைய எஞ்சினில் வால்வை எடுத்துவிட்டால் குறுக்குவழி திறந்தே கிடக்கும்; ஒரு பகுதி நீர் ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பும். சூட்டுக்குப் பயந்து கழற்றிய வண்டி, கொடைக்கானல் மலையேற்றத்தில் அதனாலேயே கொதிக்கவும் கூடும்!

மெக்கானிக்குகளை இகழ்வது என் நோக்கமன்று. மூடியபடியே சிக்கிக்கொண்ட வால்வு ஹெட் கேஸ்கெட்டையே பாழாக்கிவிடும். நடுவழியில் அதைக் கழற்றி வண்டியை வீடு சேர்ப்பது நல்ல முதலுதவி. முதலுதவியையே முழுச் சிகிச்சை என்று விட்டுவிடுவதுதான் தவறு. அதிலும், புது வால்வு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையும் நானும் அதை வீட்டு வாசலிலேயே மாற்றினோம். முதலில் சோதனை. பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வுக்கூட வெப்பமானியைக் கொண்டுவந்தேன். அம்மா கொடுத்த பழைய ஈயப் பாத்திரத்தில் நீரூற்றி, பழைய வால்வையும் புதியதையும் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டினோம். 82 டிகிரியை ஒட்டிப் புதியது மெல்ல வாய் திறந்தது. பழையதோ நீர் கொதித்த பின்னும் அசையவில்லை. அடுப்படியில் நின்று அம்மாவும் பார்த்தார். வெப்ப விரிவை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன்.

வேலை கடினமன்று, எச்சரிக்கைதான் வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் திறந்தால் சீறி எழுந்து முகத்தை வேகவைத்துவிடும். கூலண்டைச் சாக்கடையில் விடாமல் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அது நஞ்சு, இனிப்புச் சுவைக்கு நாயும் மாடும் நக்கிவிடும். பிறகு ஹோஸைக் கழற்றி, மூடியின் போல்ட்டுகளை நீக்கி, பழைய பேக்கிங்கைச் சுரண்டித் துடைத்து, மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் இருக்கும்படி புது வால்வை வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் எல்லாம் வீண். புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக முறுக்க வேண்டும். நம் ஊர்ப் போர்த் தண்ணீர் உப்புப் படியும். கூலண்டோடு காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். ரேடியேட்டரைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓட்டி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை ஊற்றி நிரப்பி, பின்பு மூட வேண்டும்.

அந்த மூடியைப் பற்றி ஒரு சொல். மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் நிறுவனம், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு (1893–1974) மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்றார். இத்தகைய மண்ணில் பிறந்த நாம், ஒரு பொருளின் வேலை என்னவென்று அறியாமலே 'இது நமக்கு வேண்டாம்' என்று எறிவது தகுமா?

என் வேண்டுகோள் எளியது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு, அது எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்று அளப்பதையும் ஒரு சோதனையாகச் சேர்க்கலாம். செலவு மிகக் குறைவு. ஓட்டுநரின் பிள்ளையும் உழவரின் பிள்ளையும் அதை வீட்டில் போய்ச் சொல்வர். கல்வி வீடுவரை வரட்டும்.

அன்று எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்தது; பிறகு சட்டென்று சூடேறியது. அதன்மேல் கை வைத்திருந்த என் தந்தை நிமிர்ந்து, "தொறந்துருச்சு தம்பி" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் நான் விடை சொன்னேன்.