ஒரு பெயரும் விடுபடலாகாது
(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல், கணினி அறிவியல்)

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடு என்று அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது. கணினியின் தரவுத்தளமும் ஓர் ஆறுதான். அதிலிருந்து அளவறிந்து எடுக்கத் தெரியாமலேயே நம்மில் பலர் நிரல் எழுதுகிறோம். நானும் அவ்வாறு எழுதியவனே.

தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்து உறவுகளால் இணைக்கலாம் என்று 1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வழிகாட்டினார். ஆனால் நிரல் எழுதுவோர் பொருள்களாகச் சிந்திக்கின்றனர்: ஆலை, ஆலைக்குள் அறை, அறைக்குள் தொழிலாளி, தொழிலாளிக்குக் குடும்பம். இவ்விரண்டுக்கும் பாலமாக வந்தவையே ஓ.ஆர்.எம். என்னும் கருவிகள். ஜாவா மொழிக்கு 2001-இல் தோன்றிய ஹைபர்னேட், பைத்தானுக்கு ஜாங்கோ, மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் ஆகியன இவ்வகையின. ஒரு புள்ளி வைத்தால் உறவுப் பொருள் வந்து நிற்கும். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. அங்கேதான் வினை தொடங்குகிறது.

என் ஊர் வெம்பக்கோட்டை அருகிலுள்ள தாயில்பட்டி. என் தாயார் சரம் பின்னும் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகப் பயிற்சிக்கு ஒரு பட்டாசு ஆலையையே எடுத்துக்கொண்டேன். 40 அறைகள், அறைக்கு 4 பேர், மொத்தம் 160 தொழிலாளர்கள். அறைவாரியாகத் தொழிலாளர் பெயரும் குடும்பத்தார் பெயரும் திரையில் வர வேண்டும். வந்தன, ஆனால் ஆமை வேகத்தில் வந்தன.

தரவுத்தளத்துக்குச் செல்லும் வினவல்களைத் திரையில் அச்சிட்டுப் பார்க்கும்படி ஆசிரியர் சொன்னார். பார்த்துத் திகைத்தேன். ஆலைக்கு 1, அறைப் பட்டியலுக்கு 1, அறைதோறும் தொழிலாளரைக் கேட்க 40, தொழிலாளிதோறும் குடும்பத்தைக் கேட்க 160. ஆக 202 வினவல்கள்! வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல், ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை அலுவலகத்துக்கும் அறைக்கும் நடக்கும் போர்மேனை எண்ணிப் பாருங்கள்.

ரோஷம் வந்து, நானே எஸ்.க்யூ.எல். எழுதி எல்லா அட்டவணைகளையும் ஒரே வினவலில் இணைத்தேன். வேகம் வந்தது. ஆனால் பட்டியலில் 159 பேரே இருந்தனர். விடுபட்டவர் யார் தெரியுமா? தனியே வாழும் என் சின்னம்மாவை நினைத்து நான் சேர்த்திருந்த பெயர். அவருக்குக் குடும்பத்தார் என்று எவரையும் பதியவில்லை. இருபுறமும் பொருந்தினால் மட்டுமே வரி தரும் 'இன்னர் ஜாயின்' அவரை ஓசையின்றி நீக்கிவிட்டது. பொருத்தம் இல்லாதபோதும் ஆளை விடாமல் வைத்திருக்கும் 'லெஃப்ட் ஜாயின்' எழுதியிருக்க வேண்டும்.

அதைத் திருத்திய கையோடு, 52 வாரச் சம்பளக் கணக்கையும் அதே வினவலில் சேர்த்தேன். குடும்பத்தார் மூவர் உள்ள ஒருவருக்கு 3-ஐ 52-ஆல் பெருக்கி 156 வரிகள் வந்தன. சம்பளத்தைக் கூட்டினால் மும்மடங்கு! ஒரே தொழிலாளியின் இரு கிளைகளை ஒரே வினவலில் கோத்தால் அவை கூடுவதில்லை; பெருகுகின்றன.

ஆகவே என்ன செய்வது? ஜாங்கோவில் 'பிரிஃபெட்ச் ரிலேட்டட்' என்ற வசதி 2012 முதல் உள்ளது. அடுக்குக்கு ஒரு வினவல் அனுப்பி, கிடைத்தவற்றை நினைவகத்தில் பொருத்தித் தரும். என் 202 வினவல்கள் 4 ஆயின. சம்பளக் கணக்கையும் சேர்த்தால் 5. சின்னம்மாவும் இருந்தார், கூட்டலும் சரியாக வந்தது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரிலும் இப்படிப் பிரித்துக் கேட்கும் வசதி 2020-இல் வந்துவிட்டது. ஒருவருக்கு ஒருவர் என்ற உறவுக்கு இணைப்பு நன்று. ஒருவருக்குப் பலர் என்று கிளைகள் விரிந்தால் பிரித்துக் கேட்பதே பெரும்பாலும் நன்று. தேவையற்ற அடுக்கைக் கேட்காமலே விடுவது எல்லாவற்றிலும் நன்று.

"பயிற்சி நிரலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று நண்பர்கள் நகைத்தனர். அவர்களுக்கு என் பதில் இதுதான். எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் ஊரே ஆலை வாசலுக்கு ஓடும். "எந்த அறை? உள்ளே யார் யார்?" இவ்விரண்டு கேள்விகளே எல்லோர் வாயிலும் இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாளில் அறை, ஆள், குடும்பம் என்ற அடுக்குகளைத் திறந்து காட்ட ஒரு நிரல் இருக்குமானால், அது தாமதிக்கலாமா? தனியாக வாழ்ந்தார் என்பதற்காக ஒருவரை மறக்கலாமா?

ஓ.ஆர்.எம். வேண்டாம் என்பது என் கருத்தன்று. அது நம் உழைப்பை மிச்சப்படுத்துவதை மறுப்பதற்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துவதையே வேண்டாம் என்கிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்முறைப் பதிவேட்டில் விடையோடு, அவ்விடைக்காகச் சென்ற வினவல்களையும் மாணவர்கள் ஒட்ட வேண்டும் என்று விதியுங்கள். மாணவ நண்பர்களே, அதுவரை காத்திராமல் இன்றே உங்கள் நிரலின் வினவல்களை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும், பட்டியலில் உள்ள ஆட்களையும் ஒருமுறை எண்ணுங்கள்.