முதல் ஊசிக்கு முன்பே

அரியாங்குப்பம் கொம்யூனில் இதய வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள், டயாலிசிஸ் குழாயுடன் வாழ்பவர்கள் ஆகியோருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் மருந்தின் முதல் ஊசிக்கு முன்பே இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தாக வேண்டும் என்ற விதியைப் புதுச்சேரி நலவழித்துறை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கட்டாயமாக்க வேண்டும்.

இதய வால்வில் கிருமி தொற்றும் நோயை மருத்துவர்கள் எண்டோகார்டைட்டிஸ் என்பர். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் தழும்பேறிய வால்வில், இரத்தத்தில் மிதந்து வரும் பாக்டீரியா ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இரத்த உறைபொருள்கள் படிந்து மூடுவதால் வெள்ளணுக்களும் மருந்தும் எளிதில் உள்ளே எட்டுவதில்லை. அங்கிருந்து சிதறும் துணுக்கு மூளையை அடைந்தால் பக்கவாதம் வருகிறது. மருந்து எளிதில் எட்டாததால்தான் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் வரை சிரைவழியே மருந்து செலுத்த வேண்டியுள்ளது. வால்வு சிதைந்து இதயம் தளர்ந்தால் அறுவையும் வேண்டியுள்ளது. இத்தனை நீண்ட சிகிச்சையைக் கிருமி இன்னதென்று அறியாமல் நடத்துவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

1994இல் வகுக்கப்பட்டு 2023இல் திருத்தப்பட்ட டியூக் அளவுகோல்கள், எக்கோ முதலிய படப் பரிசோதனைகளோடு இரத்த வளர்ப்புச் சோதனையையும் முதன்மைச் சான்றாகக் கொள்கின்றன. வால்வில் கட்டி இருப்பதை எக்கோ காட்டும். அதில் குடியிருக்கும் கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை வளர்ப்புச் சோதனைதான் சொல்லும். கடையில் வாங்கிய மாத்திரைகளை இரண்டு நாள் விழுங்கிவிட்டு வருபவரின் இரத்தத்தில், கிருமி சோதனைக் குப்பியில் வளராமல் போய், வால்வில் மட்டும் உயிரோடு இருந்துவிடக்கூடும்.

அரிய கிருமிகள் வரும்போது, கிருமியை அடையாளம் காணாமல் விடும் இந்த இழப்பு உயிரையே கேட்கிறது. கடைசி ஆயுதமாக மருத்துவமனைகள் வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளை ஸ்டெனோட்ரோபோமோனாஸ் என்ற பாக்டீரியா இயல்பிலேயே எதிர்த்து நிற்கிறது. ஆனால் விலை மலிந்த பழைய மருந்தான கோட்ரைமாக்சசோலுக்கு அது பெரும்பாலும் அடங்குகிறது. மண்ணிலும் நீரிலும் வாழ்ந்து, மழைக்காலத்தில் நீரிழிவுள்ள உழவர்களைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் கிருமி, அரிதாக வால்வையும் பற்றும். பழக்கமில்லாத ஆய்வகத்தில் அது சூடோமோனாஸ் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. கோலிஸ்டின் என்ற மருந்துக்கு மசியாத அக்கிருமி செஃப்டாசிடைம் என்ற மருந்துக்கு மசியும். வலிமை மிக்க மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே முற்றிலும் பொய்த்துப்போகிறது. கார்பபெனெமை முறியடிக்கும் என்டிஎம்-1 என்ற நொதியின் பரவலைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்டோர் 2010இல் வெளிப்படுத்தியபோது, சென்னை நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளும் அந்த ஆய்வில் இருந்தன என்பதை இப்பகுதி மறக்கலாகாது.

உயிருக்குப் போராடும் நோயாளியைச் சோதனைக்காகக் காக்க வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம். குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைக்காமல் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும். மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வலையமைப்பில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை இதே புதுச்சேரியில் இருக்கையில், தொலைவைக் காரணம் காட்ட அரியாங்குப்பத்துக்கு இடமில்லை. குப்பிகளை வாங்கவும் அன்றாடம் வண்டியில் அனுப்பவும் ஆகும் செலவு, தவறான மருந்தில் கழியும் வாரங்களின் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று.

2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள எச்1 அட்டவணை, அதில் அடங்கிய ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்து, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் சொல்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அப்பதிவேடுகளைக் கடைதோறும் சென்று பார்க்க வேண்டும். வால்வு அறுவை செய்துகொண்டவர்களும் காய்ச்சல் கண்டவுடன் கடைக்குப் போகாமல், அறுவைச் சீட்டோடு சுகாதார நிலையத்துக்குச் சென்று, மருந்துக்கு முன் இரத்தத்தைச் சோதனைக்கு எடுக்குமாறு கேட்டுப் பெற வேண்டும்.