கிடா குறைந்த மந்தை

கஜகஸ்தானில் சைகா இரலைகளை மறுபடி சுடுகிறார்கள். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுவதிலும் சுமார் அரை லட்சமாகச் சுருங்கிப்போன இனம் இது. 2024 கணக்கெடுப்பில் அந்த ஒரு நாட்டிலேயே 28 லட்சம் இருந்தன. அழிவின் விளிம்பில் என்ற பட்டியலில் இருந்ததை 2023 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பல படி கீழே இறக்கிவிட்டது. யூரல் பகுதி விவசாயிகளோ, புல்லும் தண்ணீரும் தங்கள் மாடுகளுக்கு மிஞ்சுவதில்லை என்று பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். அரசு 2023இல் கொன்று குறைக்க அனுமதித்தது, இடையில் நிறுத்தியது, 2025இல் திரும்பவும் தொடங்கியது.

குறைப்பதே பாவம் என்பது இந்த இதழின் கட்சி அல்ல. சைகாப் பெட்டை பிறந்த ஆண்டிலேயே சினைப்படும். அடுத்தடுத்த ஈற்றில் இரட்டைக் குட்டி சாதாரணம். இந்த வேகத்தில் பெருகும் விலங்கை ஓரளவு எடுத்தால் இனம் அழிந்துவிடாது. சோவியத் காலத்தில் பல பத்தாண்டுகள் அரசே முறை வைத்து வேட்டையாடி இறைச்சி விற்றது, மந்தை தாங்கியது. நம் கவலையெல்லாம், அனுமதிச் சீட்டில் "இத்தனை தலை" என்று ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடும் பழக்கத்தைப் பற்றியது.

அந்த எண் எதை மறைக்கும் என்பதற்குச் சைகாவே பாடம். கொம்பு கிடாவுக்கு மட்டும்தான். மெழுகு பூசியதுபோல் மஞ்சளாக, அடியிலிருந்து வளையம் வளையமாக, ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும். சீன மருத்துவத்தில் அதைக் காய்ச்சலுக்கும் உடற்சூட்டுக்கும் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர் மருந்துக் கடைகளில் அதைச் சேர்த்த சூடு தணிக்கும் நீர் புட்டியில் விற்பனையானது. சோவியத் ஒன்றியம் உடைந்து, கூட்டுப் பண்ணைகள் குலைந்து, சம்பளம் நின்றுபோன ஊர்களில் கிடைத்த ஒரே ரொக்கம் கொம்புதான். மோட்டார் சைக்கிளில் விரட்டிக் கிடாக்களாகப் பார்த்துச் சுட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போயிற்று.

போனது சுடப்பட்டவை மட்டும் என்றால் கணக்கு எளிது. காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே கால்மிக்கியாவில் ஆய்வு செய்தவர்கள் 2003இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. டிசம்பர்ப் பனியில் ஒரு கிடா பல பெட்டைகளைச் சேர்த்துக்கொண்டு காக்கும். கிடாக்கள் ஓரளவு குறைந்தாலும் சினைப்படுவது குறையவில்லை. அந்தத் தாங்கும் சக்தியே பார்ப்பவர்களை ஏமாற்றியது. ஒரு கிடாவுக்குச் சுமார் நூறு பெட்டை என்ற நிலை வந்ததும் சட்டென்று சரிந்தது. எஞ்சிய கிடாவை மூத்த பெட்டைகள் சூழ்ந்துகொண்டு இளம் பெட்டைகளை முட்டித் துரத்தின. முதல் ஈற்றுக்கு வர வேண்டியவை சினையில்லாமல் நின்றன. கணக்கெடுப்பு விமானத்திலிருந்து பார்த்தால் தலைகள் இருந்தன. அடுத்த வசந்தத்தில் குட்டிகள் இல்லை.

இணைசேரும் பருவத்தில் தின்னாமல் அலைந்து மெலியும் கிடாக்களில் கணிசமானவை அந்தக் குளிரிலேயே விழுந்துவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். துப்பாக்கி இல்லாவிட்டாலும் கிடா குறைவுதான்.

28 லட்சம் என்பது காப்பீடு என்று எண்ணுவோருக்கு, 2015 மே மாதத்தை நினைவூட்டலாம். கஜகஸ்தானின் பெத்பக்-தாலா மந்தைகள் குட்டி ஈனக் கூடியிருந்த இடத்திலேயே மூன்று வாரத்துக்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. அன்று உலகில் இருந்ததில் பாதிக்கும் மேல். காலையில் மேய்ந்துகொண்டிருந்தது தள்ளாடி, மூச்சிரைத்து, வாயில் நுரை தள்ளிச் சில மணி நேரத்தில் முடிந்தது. செத்த தாயின் மடியில் வாய் வைத்த குட்டி அடுத்துச் செத்தது. நோய் தாக்கிய கூட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. காரணம் நம் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான பாஸ்டுரெல்லா மல்டோசிடா. நம் எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் கொடுக்கும் அதே கிருமி. வழக்கத்தை மீறிய வெப்பமும் ஈரப்பதமும், உடம்பில் சும்மா இருந்ததைக் கிளப்பிவிட்டன என்பது ஆய்வின் முடிவு. மங்கோலியாவிலோ 2016-17இல் வளர்ப்பு ஆடுகளிடமிருந்து தொற்றிய ஆட்டுக்கொல்லி நோய் அங்கிருந்த சைகாக்களைச் சூறையாடியது.

ஆகவே நம் நிலை இது. யூரல் மந்தையில் இறைச்சிக்காகக் கிடா, பெட்டை இரண்டையும் விகிதம் பார்த்து எடுக்கட்டும். அதே எண்ணைக் காட்டி, 2023இல் அரை லட்சத்தைக்கூட எட்டாதிருந்த, அந்நாட்டின் இன்னொரு மந்தையான உஸ்த்யூர்த் மந்தையில் கை வைக்கக் கூடாது. காட்டுச் சைகாவின் கொம்பை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்வதற்கான ஒதுக்கீட்டை 2019இல் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் பூச்சியம் ஆக்கியது. அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்பவர்கள், வருமானம் பாதுகாப்புக்கே போகும் என்கிறார்கள். போகலாம். ஆனால் கொம்புக்கு இறைச்சியைவிட விலை கூடுதலாக இருக்கும்வரை, சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் துப்பாக்கி கிடாவைத்தான் தேடும். திறப்பது தவறு என்றே கருதுகிறோம்.

நமக்கும் இது அயல்நாட்டுச் செய்தி இல்லை. 2016இல் பீகாரின் மொகாமாவில் 200க்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டபோது எழுந்த சண்டை முழுவதும் கொல்லலாமா கூடாதா என்பதாகவே இருந்தது. எதைக் கொன்றார்கள் என்று கேட்டவர் குறைவு. நம் வெளிமான்களைச் சுடும் பேச்சே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. என்றாலும் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் கிண்டியிலும் மந்தையின் நலம் தெரிய வேண்டுமானால் மொத்தத் தொகை போதாது. கருநிறம் ஏறாமல், கொம்பு காதளவே முளைத்த இளங்கிடாவைத் தூரத்திலிருந்து பெட்டைக் கணக்கில் சேர்த்துவிடுவது எளிது. களப் பணியாளர்கள் தயவுசெய்து அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில் முதிர்ந்த கிடா, இளங்கிடா, பெட்டை, குட்டி என நான்கு பத்திகள் பிரியுங்கள். அடையாளம் தெரியாததைத் தெரியவில்லை என்றே ஐந்தாவதில் எழுதுங்கள். அந்தப் பட்டியல்களை வெளியிட இந்த இதழ் பக்கம் ஒதுக்கும்.