பத்தொன்பது காய், ஒரு ஸ்ட்ரைக்கர்

அண்ணனூரில் போய் 'ஐ.சி.எஃப்.' என்று சொன்னால் எல்லாருக்கும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். மின்சார ரயில்களின் பணிமனை இருக்கிற ஊர், வேறெப்படி நினைப்பார்கள்? அதே மூன்று எழுத்தில் சென்னையில் பிறந்த இன்னொன்றும் உண்டு. 1988-ல் இங்கே தொடங்கிய சர்வதேச கேரம் சம்மேளனம். போர்டின் அளவு, காயின் எடை, ஸ்ட்ரைக்கரின் அகலம் எல்லாவற்றுக்கும் உலகப் பொது விதி அவர்களுடையதுதான்.

லீவு விட்டால் அண்ணனூர், திருமுல்லைவாயில், ஆவடிப் பக்கத்து வீடுகளில் கேரம் போட்டி வைக்காமல் இருக்க மாட்டார்கள். பரணிலிருந்து போர்டை இறக்கி எண்ணிப் பார்த்தால் காய் பதினாறு இருக்கும். முதலில் தொலைந்தது சிவப்பாகத்தான் இருக்கும். சட்டைப் பொத்தானுக்கு நெயில் பாலிஷ் பூசி அதைச் சிவப்பாக்கி ஆடிய தலைமுறை ஒன்று இருக்கிறது. இப்போது அவர்கள்தான் தாத்தாக்கள்.

"மொத்தமா புது செட்டே வாங்கிடலாங்க" என்று வீட்டில் பேச்சு வரும். அவசரம் வேண்டாம். போர்டு பழசாக இருந்தால் பரவாயில்லை, நெளியாமல் இருந்தால் போதும். மூலைக்கு மூலை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் பலகை குழிந்துவிட்டது என்று அர்த்தம். விதிப்படி ஆடுகிற பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம், ப்ளைவுட் 8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மெல்லிய பலகை வாங்கினால் காய் கட்டையில் பட்டுத் திரும்பி வராது, அங்கேயே சோர்ந்து நின்றுவிடும். பழைய கனமான போர்டு இருக்கும்போது பளபளப்பான புது மெல்லிய போர்டுக்குப் பணம் கொடுப்பது வீண்.

காசைக் காயில் போடுங்கள். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒவ்வொன்றும் 5 முதல் 5.5 கிராம், விட்டம் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர். கடையில் நின்று ஒற்றைக் காயை அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி, பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போவது. ஒன்பது காயை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்தால் 27 சொச்சத்திலிருந்து 28.6-க்குள் வர வேண்டும். அடுத்த நிறத்தையும் அப்படியே வைத்துப் பாருங்கள். இரண்டு வரிசையும் ஒரே நீளம் வராவிட்டால், அந்த செட்டில் ஒருவருக்குச் சாதகமும் ஒருவருக்குப் பாதகமும் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. பிறகு ஒன்பதையும் அடுக்கி உயரம் பாருங்கள். காய்கறிக் கடைத் தராசு கிடைத்தால் ஒன்பது காய்க்கு 45-லிருந்து 50 கிராமுக்குள் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பிளாஸ்டிக்கா, மரமா? சின்னப் பிள்ளைகள் பொழுதுபோக்க பிளாஸ்டிக் போதும், நனைந்தாலும் கவலையில்லை. போட்டி என்றால் மரம்தான். மலிவான கறுப்புக் காயில் சாயம் ஒட்டும் தொல்லை உண்டு. வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு காயைத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேலும், 4.13 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேலும் போகக்கூடாது. அண்ணன் கொண்டுவரும் 'வெயிட்' ஸ்ட்ரைக்கருக்கு எதிரே தம்பி சாதா ஸ்ட்ரைக்கரோடு உட்கார்ந்தால் அது ஆட்டமே இல்லை. செட்டோடு வருவதை எல்லாரும் பொதுவாக வைத்துக்கொண்டால் சண்டையும் இல்லை, செலவும் இல்லை.

பவுடர் விஷயத்தில்தான் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கேரம் போர்டுக்குத் தூவுகிற போரிக் பவுடர் கரப்பான்பூச்சி மருந்திலும் சேருகிற பொருள். அதைக் குழந்தைக்குப் பூசுகிற பவுடர் டப்பாவில் கொட்டி வைக்கவே கூடாது. தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் உயரமான அலமாரியில் பெயர் எழுதி வையுங்கள். பஜ்ஜித் தட்டும் போர்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

எட்டுப் பேர் நாக்-அவுட் ஆடினால் 7 ஆட்டம். விதிப்படி ஒரு கேம் 25 பாயின்ட் அல்லது 8 போர்டு. வீட்டில் அது தாங்காது. கேமுக்கு 4 போர்டு என்று குறைத்து, போர்டுக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும். தோற்றவர்கள் முதல் மணியிலேயே செல்போனுக்குள் போய்விடுவார்கள். அதைவிட இரட்டையர் ஆட்டம் நல்லது. நான்கு ஜோடி, ஜோடிக்கு ஜோடி லீக் வைத்தால் 6 ஆட்டம், எல்லாருக்கும் மூன்று முறை வாய்ப்பு. பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கட்சியாக ஆடலாம். சிவப்புக்கு 3 பாயின்ட் என்கிறது விதி, தெருவில் 5 என்பார்கள். எதுவானாலும் முதல் காய் அடிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பந்தயப் பணம் மட்டும் வேண்டாம். பத்து ரூபாய் என்று ஆரம்பித்தாலும் அடுத்த வாரமே பெண்பிள்ளைகளை எழுப்பிவிட்டு பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். தெருமுனைக் கேரம் கிளப்பில் ஒரு பெண்பிள்ளை போய் உட்காருவது இன்றைக்கும் எளிதில்லை. அவள் கை பழக இருக்கிற இடம் வீட்டு வாசல்தான். 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர் என்பது பலருக்குத் தெரியும். 2008-ல் பிரான்சில் உலக சாம்பியனான இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள்; தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. எந்த வீட்டுப் போர்டில் அடுத்த கை பழகிக்கொண்டிருக்கிறதோ! 'பொம்பளப் புள்ளைக்கு என்ன கேரம்' என்று சொல்லி அவளை அடுப்படிக்கு அனுப்புகிற வீட்டில் எத்தனை நல்ல காய் வாங்கி என்ன பயன்?

பரிசாகக் கோப்பை வாங்க வேண்டாம். ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரே பரிசாக இருக்கட்டும். ஜெயித்தவர் அடுத்த லீவு வரை அதில் பழகுவார்.

காயைத் தண்ணீரில் கழுவாதீர்கள், மரம் ஊதிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். மூடுவதற்கு முன் ஒருமுறை எண்ணுங்கள். பதினெட்டு வந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. முதலில் சோபா இடுக்கு, பிறகு கடைக்குட்டியின் டவுசர் பாக்கெட்.